கனத்த முதுமை: ஓசூர்–கிருஷ்ணகிரியில் உணவும் உழைப்பும் பராமரிப்பும்

முதியோரின் உடற்பருமன் ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதிக்கு ஒரே ஆயுட்காலத்துக்குள் வந்து சேர்ந்தது. 1950களில் இங்கே பிறந்தவர்கள் களியும் கூழும் உண்டு வளர்ந்தார்கள். அதுவும் எல்லா நாளும் வயிறு நிறையக் கிடைத்ததில்லை. வாலிப வயதில் மேட்டு நிலத்தில் பாடுபட்டார்கள், அல்லது புதிதாக வந்த ஆலைகளின் வாசலில் வேலைக்கு நின்றார்கள். எழுபதைத் தொடும் வயதில் அவர்களில் பலருக்கு எடை கூடி, முழங்கால் தேய்ந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கின்றன. உட்கார்ந்தால் எழவும், எழுந்தால் நடக்கவும் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்ற கேள்வியும் இதே காலத்தில்தான் பெரிதாகியிருக்கிறது. உடல் கனத்ததற்கும் வீட்டில் ஆள் குறைந்ததற்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கும் முன்னே பார்த்தால், கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் 1792இலும், ஓசூரை ஒட்டிய மேட்டுப்பகுதி 1799இலும் திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயின. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. செம்மண் மேட்டில் கேழ்வரகு, ஊடுபயிராக அவரையும் மொச்சையும், சற்றுத் தள்ளிக் கொள்ளு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலையோரங்களில் சாமை. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழி பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருந்தாலும், எல்லா வீட்டிலும் மத்தியானச் சாப்பாடு அதே ராகி உருண்டைதான்.

அந்த உருண்டைக்குப் பின்னால் இருந்த உழைப்பு சாதாரணமானதல்ல. விடியும் முன் திருகைக் கல்லில் ராகி அரைக்க வேண்டும். கொதிக்கும் நொய்க் கஞ்சியில் மாவைக் கொட்டி, பானை நகராமல் கவட்டைக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். நாலைந்து பேருக்குக் களி கிண்டி முடிப்பதற்குள் தோளும் முதுகும் இற்றுப்போகும். இதைச் செய்த பெண்ணே கிணற்றில் தண்ணீர் சேந்தி, களை எடுத்து, விறகும் சுமந்தாள். ஆண்கள் மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள், ஏர் பிடித்தார்கள், சந்தைக்குச் சுமையோடு பல மைல் நடந்தார்கள். உடம்பில் கொழுப்பு தங்குவதற்கு அந்த வாழ்க்கையில் இடமே இல்லை.

அன்றைய மெலிவை ராகியின் மகிமை என்று கொண்டாடுவது சரியல்ல. அதில் பெரும்பங்கு பசியுடையது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகச் சரிந்தது. செத்தவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களும் அந்த இடைவெளிக்குள் அடக்கம். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டியதும், அது உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்ததும் அந்தப் பஞ்சத்தின்போதுதான். நூறு ஆண்டு கழித்தும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1975–79இல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமங்களில் எடுத்த கணக்கில், வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உயரத்துக்கு வேண்டிய எடை இல்லாதவர்கள். இன்றைக்கு அறுபத்தைந்து, எழுபது வயதில் இருப்பவர்கள் அந்தக் கணக்கின் இளைஞர்கள்.

இந்தப் பசி நினைவு முதியோரின் மனத்தில் உடலைப் பற்றிய ஒரு மதிப்பீட்டை ஊன்றியிருக்கிறது. சதை போட்ட உடம்பு வீட்டில் குறையில்லை என்பதற்குச் சாட்சி. கல்யாணமான பெண் 'பூசினாப்ல' இருந்தால் புகுந்த வீடு நல்ல வீடு. 'இளைச்சுப் போயிட்டியே' என்று கேட்பதில் பரிவும் அச்சமும் உண்டு, ஏனெனில் உடம்பு இளைத்தால் காசநோயோ சர்க்கரையோ வறுமையோ பின்னால் நிற்கும். எடையைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் எதிர்கொள்வது நாக்கின் பிடிவாதத்தை மட்டுமல்ல, சோற்றைக் குறைப்பது என்றாலே தரித்திரம் என்று பழகிய ஒரு தலைமுறையையும்தான்.

மாற்றம் வயிற்றிலிருந்து தொடங்கியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதல்வராக 1952 ஜூனில் உணவு ரேஷனை நீக்கினார். 1950களின் இறுதியில் கிருஷ்ணகிரி அணை வந்து, காவேரிப்பட்டணம் பக்கம் நெல் வயல்கள் விரிந்தன. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நியாயவிலைக் கடை மலையோர ஊர்கள் வரை எட்டியது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம், 2007இல் ரேஷனில் மானிய விலைப் பாமாயிலும் பருப்பும், 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூனில் விலையில்லா அரிசி. பஞ்சம் பார்த்த மண்ணில் இவை செய்த நன்மை மிகப் பெரிது. பசி ஒழிந்ததைத்தான் வரலாறு முதலில் எழுத வேண்டும். அதே வேளையில், மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்ற பழக்கம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஊன்றியது. அவரைக் குழம்பும் கொள்ளுக் கடையலும் ஓரத்துக்குப் போயின. பருவம் தப்பிய மழையும், திருகை சுற்ற ஆள் இல்லாமையும், ராகி ஏழைச் சோறு என்ற கூச்சமும் சேர்ந்து களியைத் தள்ளிவைத்தன.

உழைப்பை மாற்றியது தொழிற்பேட்டை. தமிழ்நாடு தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சி, தேசிய நெடுஞ்சாலை, பின்தங்கிய பகுதி என்பதற்கான சலுகைகள்: எல்லாம் சேர்ந்து ஆலைகளை இழுத்தன. 1980இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட். 1980களின் நடுவில், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் சேர்ந்து அமைத்த டைட்டன் கடிகார ஆலை, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த சுற்றுவட்டாரப் பிள்ளைகளைச் சேர்த்து நுண்வேலை பழக்கியது.

டிவிஎஸ் 50 இந்த வரலாற்றில் தனி இடம் பெற வேண்டியது. ஓசூரில் தயாரான அந்த வண்டிதான் பால்காரரையும் கீரை வியாபாரியையும் சந்தைக்குப் போகும் விவசாயியையும் நடையிலிருந்தும் சைக்கிளிலிருந்தும் இறக்கியது. இருபது வயதில் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தவர், நாற்பது வயதில் தெருமுனைக் கடைக்கும் வண்டியை எடுத்தார். ஆலைக்குள்ளும் வேலை கைவிரலிலும் கண்ணிலும் குவிந்தது. 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலைகளில் உணவகம் இருக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் விதியாக இருந்தது. குறைந்த விலையில் அளவில்லாச் சோறு என்பது கிராமத்திலிருந்து வந்த இளைஞனுக்கு முதல் பெரிய வசதி. அதோடு வந்தது ஷிப்ட் முறை. வாரத்துக்கு வாரம் மாறும் தூக்கம், நள்ளிரவுச் சாப்பாடு, விழித்திருக்க டீயும் பன்னும். இரவுப் பணியில் பல ஆண்டு இருந்தவர்களுக்கு இடுப்புக் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

வீட்டு வேலையும் இலகுவாயிற்று. மாவு மில், குழாய்த் தண்ணீர், கேஸ் அடுப்பு, 2011இல் அரசே கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் பெண்களின் முதுகை ஒடித்த வேலைகளிலிருந்து அவர்களை விடுவித்தன. அந்த விடுதலையைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உலக்கையும் திருகையும் போன இடத்தில் உடலுக்கு வேறு அசைவு எதுவும் வைக்கப்படவில்லை. ஐம்பது வயதுப் பெண் தனியாக நடைப்பயிற்சிக்குப் போவது ஓசூரின் ஹவுசிங் போர்டு தெருக்களில் இப்போது இயல்பாகிவிட்டது. சூளகிரி, தளிப் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப் போவோர் இன்றும் குறைவு.

எவ்வளவு எடை அதிகம் என்பதே பிந்தித்தான் வரையறுக்கப்பட்டது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், உலக அளவில் 25ஐத் தாண்டினால் அதிக எடை, 30ஐத் தாண்டினால் பருமன். இந்தியருக்கு இந்தக் கோடு பொருந்தவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடலிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்தது. எனவே இந்திய மருத்துவ அமைப்புகள் 2009இல் 23ஐ அதிக எடைக்கும் 25ஐப் பருமனுக்கும் எல்லையாக்கின. இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்டினி கண்ட உடல், பின்னாளில் கிடைக்கும் மிகுதியைக் கொழுப்பாகச் சேர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது சரியானால், இந்தப் பகுதியின் முதியோர் இரண்டு காலங்களின் சுமையையும் ஒரே உடலில் தாங்குகிறார்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள் 2015–16இல் 30.9 சதவீதம்; 2019–21இல் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. உலகளாவிய எல்லையான 25ஐ வைத்தே இந்தக் கணக்கு. ஆனால் இதில் பெண்கள் 49 வயது வரைதான்; ஆண்களிலும் அறுபதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. 45 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியே எடுத்து நாடு தழுவி ஆராயும் முதல் பெரிய முயற்சி 2017–18இல்தான் நடந்தது. முதியோரிடம் அளவீடும் எளிதல்ல. முதுகு கூனி உயரம் குறைவதால் எண் ஏறும். தசை கரைவதால் எண் இறங்கும். கால்தசை வற்றி வயிறு மட்டும் பெருத்த முதியவர், எடைத் தராசில் சாதாரணமாகத் தெரிந்தாலும், நாற்காலியிலிருந்து எழ முடியாதவராக இருப்பார். முதுமையில் பருமனின் மிகக் கொடிய வடிவம் இதுவே: கொழுப்பு மிகுந்து, தசை குறைந்த உடல்.

இந்த நிலையில் பராமரிப்பு என்பது அன்போடு உடல் வலுவையும் கேட்கிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த, எண்பது கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியைப் படுக்கைப்புண் வராமல் காக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். மடித்த பருத்திப் புடவையைத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, பக்கத்துக்கு ஒருவராக நின்று, துணியின் ஓரத்தை உடலோடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் நகர்த்துவதே முறை. மார்புக்கு அடியிலும் அடிவயிற்று மடிப்பிலும் வேர்வை தங்கிப் புண்ணாகும். கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் போகக் காற்றாட விட வேண்டும். சர்க்கரை இருந்தால் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை முழங்கால் தேய்ந்தவருக்குப் பயன்படாது. நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலிதான் பல வீடுகளில் தீர்வு. ஒருவர் தனியே இதையெல்லாம் செய்தால் சில மாதங்களில் அவருக்கே இடுப்பு போய்விடும். தூக்குபவரும் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த மருமகளோ மகளோதான்.

பழைய ஏற்பாட்டில் கைகள் நிறைய இருந்தன. பெற்றோர் கடைசி மகன் வீட்டில் இருப்பார்கள், அல்லது பிள்ளைகள் மாதமுறை வைத்துச் சோறு போடுவார்கள். மருமகள்கள், பேத்திகள், பக்கத்து வீட்டு உறவுகள் எல்லாம் எட்டும் தூரத்தில் இருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் பெண்களின் சம்பளமில்லா உழைப்பே அச்சாணி என்பதையும் மறைக்கக் கூடாது. தவிர, படுக்கையில் விழுந்த முதியவர் அக்காலத்தில் நீண்ட நாள் பிழைப்பது அரிது. இன்று மருந்துகள் பத்து, பதினைந்து ஆண்டு வாழவைக்கின்றன. வீட்டிலோ மகன் ஷிப்டுக்குப் போகிறான், மருமகளும் கம்பெனி வேலையில் இருக்கிறாள், பேத்தி பெங்களூரில். 2020க்குப் பின் வந்த மின்னணு ஆலைகளும், போச்சம்பள்ளியின் மின்வண்டி ஆலையும் இளம்பெண்களைப் பெருவாரியாக வேலைக்கு எடுக்கின்றன. அது அவர்களுக்கு நல்ல காலம். முதியோரைப் பார்க்கும் வேலைக்குப் பதில் ஆள் வைக்க, பல குடும்பங்களிடம் பணமும் இல்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை.

அரசின் கை இந்த இடத்துக்கு மெதுவாக வந்தது. தமிழ்நாடு 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. 2011இல் அது 1,000 ரூபாய், 2023இல் 1,200. முதியோர் மருத்துவம் என்ற துறைக்கும் தமிழ்நாடே முன்னோடி: சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இல் வி.எஸ். நடராஜன் தொடங்கிய புறநோயாளர் பிரிவு இந்தியாவிலேயே முதலாவது. 1996இல் அதற்கான மேற்படிப்பும் அங்கே வந்தது. 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். ஆனால் சென்னையில் முளைத்தது எல்லைப்புறத்தை எட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்தான். அதுவரை பெரிய சிகிச்சை என்றால் தருமபுரி, சேலம், இல்லையேல் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரு. 2020 பொதுமுடக்கத்தில் மாநில எல்லை அடைபட்டபோது அந்த வழியும் நின்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் மருந்து விட்டுப்போனவர்களை மனத்தில் வைத்து உருவான 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்தது, இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவது, வலி தணிப்புச் செவிலியர், இயன்முறை மருத்துவர் என்று அதன் அமைப்பு. சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்து தேர்ந்த தன்னார்வலர்கள் அதன் கால்கள். மும்மொழி பேசும் இந்த ஊர்களில், பாட்டியிடம் அவர் பேசும் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசும் உள்ளூர்ப் பெண் வாசலுக்கு வருவது மருத்துவமனையால் கொடுக்க முடியாத ஒன்று. 2024இல் தொற்றாநோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

இத்திட்டம் நோயின் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. அதுதான் அதன் பலம், எல்லையும் அதுவே. ரத்த அழுத்தம் ஓர் எண், சர்க்கரை ஓர் எண், இரண்டுக்கும் மாத்திரை உண்டு. பருமனுக்கு அப்படி ஒரு மாத்திரைப் பெட்டகம் இல்லை. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கான தேசியக் கேள்வித்தாளில் இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு கட்டம் உண்டு. நாடா வைத்து அளந்து மதிப்பெண் போடுவார்கள். அளந்த பிறகு என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி. இளையவருக்குச் சொல்வதுபோல் 'சாப்பாட்டைக் குறையுங்கள்' என்று முதியவருக்குச் சொன்னால், கொழுப்போடு தசையும் கரையும். பலம் போய் விழுந்து இடுப்பெலும்பு முறியும். அமெரிக்காவில் வில்லாரியல் குழுவினர் 65 வயதைக் கடந்த பருமனான 107 பேரை ஓராண்டு கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு மட்டும், உடற்பயிற்சி மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தபோதே எழுந்து நடமாடும் திறன் அதிகம் கூடியது. முழங்கால் தேய்ந்தவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்பது இன்னோர் அமெரிக்க ஆய்வின் முடிவு.

இதற்கு வேண்டியவை விலை உயர்ந்தவை அல்ல. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, கதவைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் மொச்சை, கொள்ளு, முட்டை சேர்ப்பது. ராகிக்குத் திரும்புவதும் நல்லதே; 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும் நார்ச்சத்தும் அதில் உண்டு. 2023 மே மாதம் முதல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் சோதனை முயற்சி தொடங்கியது. ஆனால் நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய ராகிக் கஞ்சி சர்க்கரையை அரிசிபோலவே வேகமாக ஏற்றும். ராகி மருந்தன்று, உணவு. அதன் அளவும், கூடவே இருக்கும் பருப்பும், உண்டபின் உடல் செய்யும் வேலையுமே பலனை முடிவு செய்கின்றன.

1980இல் இருபத்திரண்டு வயதில் ஆலைக்குள் நுழைந்தவர் 2016இல் ஓய்வு பெற்றார். நிரந்தரப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காப்பீட்டாளர், குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தானும் துணைவரும் தொடர்ந்து மருத்துவ வசதி பெறலாம். இந்த விதியை அறியாமல் விட்டவர்கள் இன்றும் விண்ணப்பிக்க முயல்வது தகும். சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியதால் காப்பீட்டிலிருந்து முன்பே விலகியவர்களுக்கும், ஒப்பந்தக்காரர் மாற மாற வேலை பார்த்தவர்களுக்கும் அந்த வாசல் பெரும்பாலும் திறப்பதில்லை. டைட்டன் காலத்தில் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் இப்போது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். அடுத்த பத்தாண்டில் ஓசூரின் ஹவுசிங் போர்டு வீடுகளிலும் மத்திகிரி, பாகலூர் சாலைக் குடியிருப்புகளிலும் பராமரிப்பு கேட்டு நிற்கப்போகும் முதல் பெரிய தொழிலாளர் தலைமுறை அவர்களே. தசை வலுவோடு அந்த வயதை எட்டுவதற்கு அவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கையில் இருக்கின்றன.